உப்பைக் கழித்த பின்

முதலாவது, முள்ளிக்கழியின் வாயில் இருந்த மணல்மேட்டை வெட்டினார்கள், எங்களைக் கேட்கவில்லை. இரண்டாவது, வெட்டிய இடத்தில் குழாய் இறக்கிக் கடல் தண்ணீரை உறிஞ்சினார்கள். மூன்றாவது, உறிஞ்சிய தண்ணீரை அனல் மின் நிலையத்துக்குள் சுற்றவிட்டுச் சூடேற்றி எங்கள் கழியிலேயே கொண்டுவந்து கொட்டினார்கள், அந்தச் சுடுதண்ணீருக்குக் குளிர்விப்பு நீர் என்று பெயரும் வைத்தார்கள். நான்காவது, மடவை மீன் செத்து வெள்ளையாக மிதந்தபோது மழை குறைவு என்றார்கள், அடுத்த வருஷம் மிதந்தபோது மழை அதிகம் என்றார்கள். ஐந்தாவது, கேட்கப்போன எங்கள்மேல் வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். ஆறாவது, நான் உள்ளே இருக்கும்போது என் மனைவி அஞ்சுகம் செத்தாள், ஒரு பிடி மண் போட என்னை விடவில்லை. ஏழாவது, என் மகள். ஏழாவதை இந்த மண்டபத்தில் சொல்ல முடியாது. ஆறாவதையே சொல்லலாமா என்று சந்தேகம். ஆளுக்கு மூன்று நிமிஷம், மூன்று நிமிஷத்தில் ஐந்து வரைக்கும் போகலாம், ஆறுக்கு வந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அந்தப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்காரர்கள் அனுதாபமாகத் தலையாட்டுவார்கள். அவர்கள் அனுதாபத்தைக் கொண்டுபோய் அந்தச் சுடுதண்ணிக் கால்வாயில் கொட்டட்டும். வரிசை மட்டும் மாறக்கூடாது. வரிசை மாறினால் குற்றச்சாட்டு ஒப்பாரியாகிவிடும். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை, துண்டறிக்கை சொல்லித் தந்தது, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே துண்டறிக்கையில்தான், உப்பு வாரும் பலகையைச் சாத்திவிட்டு, வெடித்த விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு. அந்த விரல் இப்போதும் தொடையில் வரி தேடுகிறது. முதலாவது மணல்மேடு, இரண்டாவது குழாய், மூன்றாவது.

கல்யாண மண்டபம். எங்கள் ஊரில் எல்லா நியாயமும் கல்யாண மண்டபத்தில்தான் விசாரிக்கப்படும், வேறு இடத்தில் இத்தனை நாற்காலி கிடையாது. மேடையில் போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள் பிய்ந்து நிற்கின்றன, பெண் பெயர் முழுதும் போய்விட்டது, மாப்பிள்ளை பெயரில் இரண்டு எழுத்து பாக்கி. அதன் கீழே ஆட்சியர், அவருக்குப் பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, மேலே துணிப்பதாகை, அனல் மின் நிலையம் இரண்டாவது அலகு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மக்கள் கருத்து. கருத்தை மக்கள் சொல்லலாம், பிறகு மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். கம்பெனி மிக்சர், கம்பெனித் தண்ணீர் பாட்டில், எங்கள் ஆட்கள் சிலர் கையிலும் இருக்கிறது, நான் பார்க்காதது மாதிரி இருக்கிறேன். மேடை ஓரத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு குமாஸ்தா பெயர்களைக் கூப்பிடுகிறார், கூப்பிடுகிற ஒவ்வொரு பெயரையும் கொலை செய்கிறார், இருதயராஜை உதயராஜ் என்றார், அந்த ஆள் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தான், வராதவர் என்று குறித்துவிட்டார்கள். உட்கார்ந்திருக்கிறவன் வராதவன் ஆகிவிட்டான். பிறகு சண்டை போட்டு அவனைப் பேசவைத்தோம். எதிர்ப் பக்கம் மூன்றாவது வரிசையில், கம்பெனி அமர்த்திய ஆய்வுக்காரர்களோடு, என் மகள், வெட்டிவிட்ட முடி, நீலச் சுடிதார், காது மட்டும் தெரிகிறது. அந்தக் காது அஞ்சுகத்தின் காது. மடல் ஒட்டிய சின்னக் காது, கம்மல் போட்டால் கம்மல் தெரியும் காது தெரியாது. திரும்பவே இல்லை. வந்ததிலிருந்து திரும்பவே இல்லை. என் பேரை நீங்க சொல்லாதீங்க. நேற்று மாலை போனில் அவ்வளவுதான் சொன்னாள், நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

நீங்க. சின்ன வயதிலிருந்து என்னை நீ என்றுதான் பேசுவாள், நீ வா, நீ போ, நீ எப்பப் பார்த்தாலும் மீட்டிங்கு. சங்கத்தில் என்னை நீ என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது, வீட்டில் இந்தக் குருவி நீ என்னும், நான் அதில் பெருமைப்பட்டேன், மரியாதை என்பதே ஆண்டைகள் கண்டுபிடித்த வார்த்தை என்று மேடையில்கூடச் சொன்னேன். அஞ்சுகம் செத்த வருஷத்திலிருந்து நீங்க. நீங்க சாப்பிட்டீங்களா, நீங்க மாத்திரை போட்டீங்களா. ஒவ்வொரு நீங்கவும் ஒரு நாற்காலி மாதிரி, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகிறாள். ஆனால் நேற்று அந்த நீங்க தேவையே இல்லையே. என் பேரைச் சொல்லாதீங்க என்றாலே முடிந்தது, தமிழில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள், நடுவில் எதற்கு இன்னொரு நீங்க. கூடுதலாக ஒரு நாற்காலி. போகட்டும். அவளுக்கு என் பழக்கம் தெரியும். இந்த வட்டாரத்துக்கே தெரியும். நிர்வாகம் என்று ஒருவன் கிடையாது, அரசாங்கம் என்று ஒருவன் கிடையாது, கையெழுத்துப் போட்டவன் மட்டும்தான் உண்டு, ஆகவே கூட்டம் முடிகிற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் பெயரைச் சனங்களுக்கு முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். முதலெழுத்தை விரித்துப் படிக்க வேண்டும். அது எங்கள் சங்கத்தின் விதி, விதி வந்த கதை சிரிப்பு. அந்தக் காலத்தில் தோழர் ஒருவர் ப. சுந்தரம் என்று மட்டும் படித்துவிட்டு இறங்கினார், சனம் போய் தபாலாபீஸ் சுந்தரம் வீட்டை வளைத்துக்கொண்டது, பாவம் அந்த ஆள் ஒரு கன்னத்தில் மட்டும் சோப்போடு வெளியே வந்து, ஐயா நான் பரமசிவம் சுந்தரம், நீங்க தேடுறது பழனியாண்டி சுந்தரம் என்று அழுதிருக்கிறார். அன்றிலிருந்து விரித்துப் படிக்கிறோம். இதோ மடியில் இருக்கிற ஆய்வறிக்கையில் ஐந்து பேர் கையெழுத்து. நாலு பேரை விரித்துத் தயாராக வைத்திருக்கிறேன். முதல் பெயர் முனைவர் அ. செம்பரிதி. அதை விரிக்க நான் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

கொ. அல்ல, அ. என் பெயர் கொளஞ்சி, கொளஞ்சி மகள் கொ. செம்பரிதி என்றுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சிவப்புச் சூரியன். வாத்தியாரே செம்பருத்தி என்று எழுதிவிட்டார், நான் போய் பூ இல்லை ஐயா, சூரியன் என்று திருத்தினேன், ரேஷன் கார்டில் செம்பருத்தி, ஆஸ்பத்திரிச் சீட்டில் செம்பருத்தி, ஒவ்வொரு இடத்திலும் போய்ச் சண்டை போட்டு அந்தச் சூரியனை மீட்டது நான். அம்மா போனதும் கெஜட்டில் போட்டு முதலெழுத்தை மாற்றிக்கொண்டாள். சரி, தாய் பெயரை முதலெழுத்தாகப் போடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்ததும் நாங்கள்தான், எதிர்க்க முடியுமா, அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவனே நான். பக்கத்து நாற்காலியில் பிலோமினா மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். நண்டு வியாபாரம், சங்கத்துப் பொருளாளர், வாய்க்குப் பூட்டு கிடையாது. "என்னா தோழரே, பரீட்சைக்கு வந்த புள்ள மாதிரி முணுமுணுன்னு." வரிசை பார்க்கிறேன் என்றேன். "வரிசை எனக்கே மனப்பாடம். மணல்மேடு, கொழாய், சுடுதண்ணி. அறிக்கையில இருக்கிற அந்தப் படத்தை எடுத்து வெளக்கப் போறீங்களா, அதச் சொல்லுங்க." விளக்குவேன் என்றேன். "அன்னிக்கு ஆபீசுல எங்களுக்கு வெளக்குனீங்களே அந்த மாதிரியா? நம்ம சங்கத்து மாதவன் தூங்கிட்டான். எங்க நாத்தனா எந்திரிச்சுப் போயிட்டா." பிறகு மிக்சரை மென்றுகொண்டே, குரலைத் தாழ்த்தி, "பாப்பா பேரைப் படிப்பீங்களா?" என்றாள். கம்பெனி மிக்சரைத் தின்கிறவளுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும். "எங்க வயித்துக்குக் கம்பெனி சுடுதண்ணி குடுத்தான், மிக்சராச்சும் தின்னுட்டுப் போறேன், மொறைக்காதீங்க," என்றாள் பிலோமினா.

மகளின் தப்பைப் பிடிக்கத்தான் படித்தேன். அதை மறைக்கவில்லை. எதிரியின் துண்டறிக்கையை எதிரியைவிட நன்றாகப் படித்தவன்தான் எதிரியோடு பேச முடியும், இதுவும் துண்டறிக்கைப் பாடம். மழைக்காலம் முழுக்கச் சங்க அலுவலகத்தில், எங்கள் வக்கீல் ஒளிநகல் எடுத்துக் கொடுத்த ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம், அகராதி ஒரு பக்கம். எந்த உயிர் எந்தச் சூழலில் வாழும் என்பதைக் கணக்கால் கண்டுபிடிக்கிற சாஸ்திரம். முதல் அத்தியாயத்திலேயே சண்டை வந்துவிட்டது. நான் நேர்க்கோடு எதிர்பார்த்தேன். கம்பெனி கூடக்கூட மீன் குறையும், கோடு மேலிருந்து கீழே, ஒரு சுவரொட்டிக்குப் போதும். புத்தகம் இல்லை என்றது. உப்பு கொஞ்சம் கூடினால் மட்டிச் சிப்பி கூடும், இன்னும் கூடினால் மட்டி குறையும், நடுவில் ஒரு மேடு, ஒவ்வொரு உயிருக்கும் ஒரு மேடு, ஏறி இறங்குகிற மேடு. அந்த உச்சியில்தான் அது வாழ ஆசைப்படுகிறது, இரண்டு பக்கமும் சரிவில் சகித்துக்கொள்கிறது, சரிவு முடிகிற இடத்தில் இல்லாமல் போகிறது. கோபத்தில் புத்தகத்தை மூடினேன், மறுபடி திறந்தேன். ஏனென்றால் உப்பளத்தில் இருபது வருஷம் நின்றவனுக்கு அது தெரியாதா, உப்பே அப்படித்தானே, உடம்பில் குறைந்தாலும் சுருண்டு விழுவான், கூடினாலும் கால் வெடிக்கும். தெரியும், ஆனால் கோடு போட்டுப் பார்த்ததில்லை. என் மேடு எங்கே இருந்தது. உப்பளச் சங்கம், பெரிய வேலைநிறுத்தம், ஆயிரம் பேர் முன்னால் மைக், அங்கேதான் உச்சி. அதற்குப் பிறகு சரிவு. சரிவில் இருக்கிறவனுக்குத் தான் சரிவில் இருப்பது தெரியாது, இன்னும் ஏறுகிற மாதிரியே மூச்சு வாங்கும். இந்த மின்விசிறி தலைக்கு மேலே கிறீச் கிறீச் என்கிறது, யாராவது நிறுத்தித் தொலைத்தால் என்ன. மூன்றாவது, சுடுதண்ணீர். நான்காவது, மடவை.

அப்புறம் அந்தப் பூஜ்யம். அறிக்கையின் முன்பக்கச் சுருக்கம், கம்பெனிக்காரன் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருப்பது, என்ன சொல்கிறது. சுடுதண்ணிக் கால்வாய் வாயில் மட்டி இல்லை, உண்மைதான், ஆனால் அங்கிருந்து வெகுதூரம் மேலே, பாலத்தடியிலும் மட்டி இல்லை, பாலத்தடியில் சுடுதண்ணீரும் இல்லை, ஆகவே மட்டி இல்லாததற்கும் சுடுதண்ணீருக்கும் சம்பந்தமில்லை. படித்த அன்றைக்கு எனக்கும் சரி என்றே பட்டது. பிறகு புத்தகத்தில் எழுபதாவது பக்கமோ என்னமோ, அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது, இரண்டு இடத்திலும் ஒரு உயிர் இல்லை என்பதால் இரண்டு இடமும் ஒன்று என்று நினைக்காதே. ஒரு இடத்தில் சூடு தாங்காமல் இல்லை, இன்னொரு இடத்தில் உப்பே இல்லாத நல்ல தண்ணீர் என்பதால் இல்லை. காகிதத்தில் இரண்டும் பூஜ்யம். இருப்பது ஒரே காரணத்தால் இருக்கும், இல்லாதது ஆயிரம் காரணத்தால் இல்லாமல் இருக்கும். அன்றைக்கு நான் அலுவலகத்தில் எழுந்து நின்றுகொண்டேன். மட்டிக்காக எழுந்து நிற்கவில்லை. அஞ்சுகத்தின் சாவுக்கு நான் வரவில்லை, கம்பெனி மேலாளரும் வரவில்லை. இரண்டும் பூஜ்யம். நான் ஜெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவன் வீட்டில் குளிரூட்டி போட்டுத் தூங்கினான். ஆனால் அந்தச் சாவு வீட்டு வாசலில் நின்ற பெண்ணின் கணக்கில் அப்பா வரவில்லை, அவ்வளவுதான். படித்தவள்தானே, முனைவர்தானே, இந்தப் பக்கத்தை அவள் படிக்கவில்லையா. அவளிடம் கேட்க நினைத்தேன், போனை எடுத்தேன், வைத்தேன். கேட்டால் அவள் அந்த நோட்டீஸை எடுப்பாள்.

நோட்டீஸ். வெளியே வந்ததும் முதல் வேலையாக நான் அடித்த நோட்டீஸ். கழிநீரால் பலியான தியாகி அஞ்சுகம். பெரிய எழுத்து, சிவப்பு மை. சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தாள், ஊரில் நாலு பேருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது, நான் போட்டது தப்பா, இன்றைக்கும் கேட்கிறேன், தப்பா. பதினாறாம் நாள் கூட்டத்தில் மேடையேறி அஞ்சுகத்தின் பெயரை விரித்துப் படித்தேன், மாரிமுத்து மகள் அஞ்சுகம் என்று, சனம் எழுந்து நின்றது, நான் அழவில்லை. வீட்டுக்கு வந்தபோது மகள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அம்மாகிட்டக் கேட்டியா?" என்றாள். என்ன கேட்க வேண்டும், செத்தவளிடம். "அம்மா ஒரு நாளும் உன் கொடியப் புடிச்சதில்ல. பானை கழுவுனா, நண்டு வித்தா, உன் கேசுக்கு வாயிதா வாயிதாவா அலைஞ்சா. அவ பேரு அவ பேரு. அத எடுத்து நோட்டீஸ்ல போட நீ யாரு?" அதுதான் கடைசி நீ. மறுநாள் காலையில், நீங்க காப்பி குடிச்சீங்களா. நான் எதிர்த்து வாதாட ஆயிரம் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, சாவைச் சும்மா விட்டால் சாவு வீணாகும், பெயர் சொல்லாத சாவு கணக்கில் ஏறாது. ஆயிரம் காரணத்தையும் வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். "அடுத்து, எம். கலைவாணன்," என்கிறார் குமாஸ்தா. கம்பெனி பிடித்து வந்த ஆள். வேலைவாய்ப்பு வரும் என்று பேசுவான். பேசட்டும். இவனுக்குப் பிறகு இரண்டு பேர், பிறகு நான்.

புத்தகத்தில் லாடம் என்று ஒன்று வருகிறது. இடங்களை ஒற்றுமைப்படி வரிசையாக நிறுத்தினால் நேராக நிற்க வேண்டியது, கணக்கின் கோளாறால் லாடம் மாதிரி வளைந்துகொள்ளும், இரண்டு கோடிகளும் ஒன்றையொன்று பார்த்துக் குனியும், பார்க்கிறவனுக்கு இரண்டு கோடியும் பக்கத்துப் பக்கத்து இடம் மாதிரி தெரியும். உண்மையில் அவைதான் தூரத்திலும் தூரம். இந்த மண்டபமே லாடம்தான். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள், ஒலிபெருக்கிப் பக்கமாக நாற்காலி வரிசை வளைந்து கிடக்கிறது, எழுந்தால் கை எட்டும் தூரம். நம்பக்கூடாது. படத்தைப் படிக்கத் தெரியாதவன்தான் நம்புவான். ஆனால் எனக்குப் படத்தைப் படிக்கத் தெரியும், அதுதான் என் சிக்கல். அறிக்கையின் கடைசியில், யாரும் புரட்டாத இணைப்பில், இரண்டு படங்கள். அம்புக்குறிகள், சுற்றிலும் புள்ளிகளாக மட்டி, நண்டு, மடவை, இறால். அம்பு எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் அந்தக் குணம் கூடும், அம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு செல்வாக்கு. முதல் படத்தில் உப்பு அம்பும் சூட்டு அம்பும் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கம் போகின்றன, கடல் தண்ணீர்தானே சூடாகி வருகிறது, உப்பும் சூடும் சேர்ந்தே வரும், யார் குற்றவாளி என்று பிரிக்க முடியாது. கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது, எல்லாம் உப்பு, உப்பு இயற்கை என்று. பிடித்துவிட்டேன் என்று நானும் துள்ளினேன், என் மகள் உப்பின்மேல் பழியைப் போட்டாள், உப்பில் வளர்ந்த குழந்தை. பிறகு இரண்டாவது படம். அதன் கீழே சின்ன எழுத்தில், உப்பின் பங்கைக் கழித்த பின். முதலில் உப்பு செய்த வேலையை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதி இருப்பதை வைத்து வரைந்த படம். உப்பு இல்லை. சூட்டு அம்பு மட்டும், தனியாக, நீளமாக, படத்தின் ஓரத்தைத் தொடுகிறது, மட்டியும் நண்டும் அதற்கு நேர் எதிர்க்கோடியில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

எத்தனை நாள் அந்தப் படத்தையே பார்த்திருப்பேன். உப்பின் பங்கைக் கழித்த பின். முதலில் சுட்டது, என்னைத்தான் கழித்திருக்கிறாள் என்று, உப்பளத்தான் மகள் உப்பைக் கழித்து வைத்துவிட்டு வரைந்த படம், அப்பனின் பங்கை எடுத்த பிறகு அவள் யார் என்று. பிறகு உறைத்தது, கழிக்காமல் குற்றவாளி பிடிபட மாட்டான். இவள் பொய் சொல்லவில்லை. சுருக்கம் எழுதியவன் பொய் சொன்னான், இவள் படம் வரைந்தாள், படத்தை எடுத்துவிடாமல் இணைப்பிலாவது நிற்க வைத்தாள், அதற்கு என்ன சண்டை போட்டாளோ. அறிக்கை எல்லோருக்கும் கொடுத்ததுதான், ஒளிவு மறைவு இல்லை, படிக்கத் தெரிந்தவன் இல்லை, அவ்வளவே. அதிலும் ஒரு சந்தேகம் விடாது, வெறும் தற்செயலாக இருந்தால். அதற்கும் வழி வைத்திருக்கிறாள், எந்த இடத்துக்கு எந்தச் சூடு என்பதைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறாள், நூற்றுக்கணக்கான முறை, குலுக்கிப் போட்ட எதிலும் இத்தனை நீள அம்பு வரவில்லை. நானும் குலுக்கிப் பார்க்கிறேன். நான் உள்ளே போகாமல் அஞ்சுகம் செத்திருந்தால், நான் உள்ளே போய் அஞ்சுகம் பிழைத்திருந்தால், நான் உப்பளத்தோடு நின்றிருந்தால், இவள் படிக்காமல் நண்டு விற்றிருந்தால். எப்படிக் குலுக்கினாலும் இந்த நாற்காலி, அந்தக் காது. ஆக, இவள் பெயரைப் படித்தால் என்ன ஆகும். குற்றவாளி வரிசையில் படித்தால் அது பொய், என் வாயால் பொய்ப் பெயர் வந்ததில்லை. சாட்சி வரிசையில் படித்தால், இதோ கம்பெனியின் சொந்த ஆய்வாளரே வரைந்த படம், அஞ்சுகம் மகள் செம்பரிதி என்று படித்தால், மண்டபம் எழுந்து நிற்கும், நாளைக்கே அவள் வேலை போகும், அதற்குப் பிறகு எந்த ஆய்வுக்கூடமும் அவளைச் சேர்க்காது. அம்மாவை நோட்டீஸில் போட்ட கை மகளை மைக்கில் போடும். படிக்காவிட்டால், படத்தை விளக்க இந்த மண்டபத்தில் ஆள் கிடையாது, நான் விளக்கினால் மாதவன் தூங்குவான், ஆட்சியர் குறிப்பில் ஏறாது, குறிப்பில் ஏறாதது நடக்காதது, இரண்டாவது அலகு வரும், இரண்டாவது கால்வாய் வரும், பிலோமினா மிக்சர் தின்றுகொண்டிருப்பாள். சொல்லாதீங்க. என் பேரை நீங்க சொல்லாதீங்க.

"அடுத்து, கொழஞ்சி. உப்பளச் சங்கம்." கொளஞ்சி ஐயா, கொளஞ்சி, ளகரம். எழுந்தேன். பிலோமினா என் சட்டையின் பின்மடிப்பை இழுத்துவிட்டாள், "போங்கண்ணே," என்றாள், தோழர் என்று சொல்லவில்லை. மைக்கின் தலையில் யாருடையதோ வெற்றிலை எச்சில் வாசனை. முதலாவது மணல்மேடு, சொன்னேன். இரண்டாவது குழாய். மூன்றாவது, குளிர்விப்பு என்று பெயர் வைத்த சுடுதண்ணீர், சனம் சிரித்தது, நல்லது. நான்காவது மடவை. ஐந்தாவது வழக்கு. ஆறு என்று வாய் எடுத்தது, அந்தக் காது அசைந்த மாதிரி இருந்தது, ஆறை விழுங்கினேன், வரிசை முதல்முறையாக அறுந்தது. படத்தைத் தூக்கிக் காட்டினேன். உப்பின் பங்கைக் கழித்த பின் என்று ஆரம்பித்தேன், வாரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பெரியவரே, அது டெக்னிக்கல் விஷயம், எழுத்துல குடுத்துடுங்க, நிபுணர்கள் பாப்பாங்க," என்றார். நிபுணர் யார் என்றேன். "அதான் கையெழுத்துப் போட்டிருக்காங்களே," என்றார். சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "அப்ப பேரப் படி தோழர்!" பழகிய குரல், நான் பழக்கிய குரல். நாலு பேரைப் படித்தேன். ஒவ்வொரு முதலெழுத்தையும் விரித்து, சுருக்கம் எழுதியவன் பெயரை இரண்டு தடவை, மண்டபம் ஒவ்வொன்றுக்கும் ஓ என்றது. நாலு முடிந்தது. "மொதப் பேரு?" என்றான் மாதவன், தூங்குகிறவன் இன்றைக்கு விழித்திருக்கிறான். காகிதத்தில் முதல் வரி என் விரலுக்குக் கீழே. உதடு அ என்று திறந்தது. இந்த எழுத்தில்தான் நான் படிக்கவே ஆரம்பித்தேன். காற்று மட்டும் வந்தது. மணி அடித்தார்கள். "மொதப் பேர முழுங்கிட்டாருப்பா!" என்று யாரோ சொல்ல, எங்கள் பக்கத்திலிருந்தே சிரிப்பு, கம்பெனிப் பக்கத்தில் ஒருவன் தலையாட்டினான், அனுதாபமாக, நான் பயந்த அதே தலையாட்டல்.

நாற்காலி எங்கே. யாரோ நகர்த்திவிட்டார்கள், கையால் தடவி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு பெயரைப் படிக்காமல் இறங்கியதில்லை. நாளைக்குத் தேநீர்க்கடையில் பேசுவார்கள், கொளஞ்சியும் சொந்தம் என்று வந்தால் இவ்வளவுதான். பேசட்டும். இல்லை, பேசக்கூடாது, இந்த இல்லாமை வேறு, நான் படிக்காததும் ஒரு கங்காணி படிக்காததும் ஒன்றல்ல, ஆனால் காகிதத்தில் இரண்டும் பூஜ்யம், யாரிடம் போய் விளக்குவேன். படம் மடியில் கசங்கிக் கிடக்கிறது. குறிப்பில் ஏறவில்லை. பிலோமினா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், கம்பெனிப் பாட்டில், வாங்கிக் குடித்துவிட்டேன். குமாஸ்தா அடுத்த சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அடுத்து, அ. செம்பருத்தி. முள்ளிக்கழி." யாரும் எழுந்திருக்கவில்லை. "செம்பருத்தி. இருக்கீங்களா? வரலியா?" குறிக்கப் பேனாவை எடுத்தார். எதிர்ப் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உரசியது. பக்கத்தில் இருந்த ஆய்வுக்காரன் அவள் கையைப் பிடித்தான், என்னமோ சொன்னான், அவள் கையை விடுவித்துக்கொண்டு நீலக் கோப்போடு மேடைப் பக்கம் நடக்கிறாள். சீட்டு இன்றைக்குக் கொடுத்தது அல்ல, பதிவு நேற்றே முடிந்துவிட்டது. நேற்று மாலை. என் பேரை நீங்க. நீங்க சொல்லாதீங்க. அழுத்தம் அந்த நீங்கவில் இருந்திருக்கிறது, நான் வேறு எங்கெல்லாமோ காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்குகிறாள், அஞ்சுகம் தராசு பிடிக்கிற மாதிரி மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். கோப்பைத் திறந்து அந்த இரண்டாவது படத்தை, பெரிதாக அடித்தது, ஆட்சியரின் மேஜைமேல் அவருக்கு நேராகத் திருப்பி வைக்கிறாள். மின்விசிறி கிறீச் கிறீச் என்கிறது. அவள் குமாஸ்தாவைப் பார்த்து, "தப்பாப் படிச்சிட்டீங்க, திருத்தி எழுதிக்குங்க," என்றாள். பிறகு எங்கள் பக்கம், சனத்தின் பக்கம், திரும்பி, விதிப்படி முதலெழுத்தை விரித்து, உரக்கப் படித்தாள்.

"அஞ்சுகம் செம்பரிதி."